பேசில் டொலிவேரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று கிரிக்கெட் பார்ப்பவர்களில் பலருக்குப் பேசில் டொலிவேரா என்பது ஒரு கோப்பையின் பெயர். இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் டெஸ்ட் தொடர் ஆடும்போது வெல்லும் அணி அந்தக் கோப்பையைப் பெறுகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தும் அந்நாட்டு அணியில் இடம்பெற அனுமதிக்கப்படாதவர். இங்கிலாந்து அணிக்கு ஆடியும், அந்த அணியோடு தம் பிறந்த மண்ணுக்குப் போக விடப்படாதவர். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இளம் வாசகர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேசில் டொலிவேரா யார்? எங்கே பிறந்தார்?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், சிக்னல் ஹில் என்ற குன்றின் சரிவில் அமைந்த போ-காப் பகுதியில் வளர்ந்தவர். ஏற்றுக்கொள்ளப்பட்ட பதிவின்படி அவர் பிறந்த நாள் 1931 அக்டோபர் 4. தந்தை லூயிஸ், செயின்ட் அகஸ்டின்ஸ் என்ற உள்ளூர்க் கிரிக்கெட் கிளப்பின் கேப்டனாக இருந்தவர். மகனும் அந்தக் கிளப்பிலேயே ஆடத் தொடங்கினார். பிழைப்புக்கு ஓர் அச்சகத்தில் வேலை. வார இறுதியில் கிரிக்கெட்.

நகரின் பெரிய மைதானமான நியூலாண்ட்ஸில் பெரிய ஆட்டங்கள் நடக்கும்போது, சிறுவனாக இருந்த பேசில் வெளியே நின்ற மரங்களில் ஏறி உட்கார்ந்து பார்ப்பாராம். உள்ளே போனாலும் வெள்ளையரல்லாதவர்களுக்கென்று அடைத்து ஒதுக்கிய ஓர் இடத்தில்தான் நிற்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க அணியில் அவர் ஏன் ஆட முடியவில்லை? அதைத் தடுக்கச் சட்டம் இருந்ததா?

1948-ல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிறவெறியை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. 1950-ன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் ஓர் இனப் பிரிவில் எழுதி வைத்தது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், எந்தப் பிரிவினர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வகுத்தது. டொலிவேரா ‘கலப்பினத்தவர்’ என்று பதிவு செய்யப்பட்டவர். அந்த ஒரு சொல்லே அவர் எந்த வாசல் வழியாக நுழையலாம், எந்தப் பேருந்தில் ஏறலாம், எந்த அணியில் ஆடலாம் என்பதையெல்லாம் தீர்மானித்தது.

ஆனால் பலரும் நினைப்பதுபோல், வெள்ளையரும் பிறரும் ஒரே அணியில் கிரிக்கெட் ஆடக்கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் எதுவும் அங்கே இல்லை. இனங்கள் தனித்தனியே ஆட வேண்டும் என்பது 1956-ல் உள்துறை அமைச்சர் அறிவித்த கொள்கை. அதற்கும் வெகு முன்பே அது வெள்ளையரின் கிரிக்கெட் சங்கம் தானாகவே கடைப்பிடித்துவந்த வழக்கம். 1894-ல் தென்னாப்பிரிக்க அணி முதன்முதலாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது, நாட்டின் மிக வேகமான பந்துவீச்சாளர்களில் ஒருவரான க்ரோம் ஹென்ட்ரிக்ஸ் பரிந்துரைக்கப்பட்டும், கேப் மலாய் வம்சத்தவர் என்பதற்காக அணியில் சேர்க்கப்படாமல் விடப்பட்டார். தேசியக் கட்சி பிறப்பதற்கு முன்பே நடந்தது அது. நிறவெறியின் பழியை முழுவதும் 1948-ன் அரசியல்வாதிகள் மேல் போட்டுவிட்டு, அணிப் பட்டியல் எழுதிய கனவான்களைத் தப்பவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இந்தக் கதையில் அப்படிப்பட்ட கனவான்கள் பின்னாலும் வருவார்கள்.

அப்படியானால் வெள்ளையரல்லாதவர்கள் எங்கே, எப்படி ஆடினார்கள்?

தங்களுக்குள் சங்கங்கள் அமைத்துக்கொண்டு ஆடினார்கள். கலப்பினத்தவர், இந்தியர், மலாய் மக்கள், கறுப்பினத்தவர் ஆகியோருக்குத் தனித்தனி அமைப்புகள் இருந்தன. அவற்றை ஒன்றிணைத்த பொது வாரியமும் இருந்தது. டர்பனிலும் நேட்டாலின் பிற ஊர்களிலும் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய்க் குடியேறியவர்களின் வழிவந்த தமிழரும் இந்த வெள்ளையரல்லாத கிரிக்கெட் உலகத்தைச் சேர்ந்தவர்களே. டொலிவேரா இந்த ஒன்றிணைந்த அணியின் கேப்டனானார். 1956-ல் கென்யாவிலிருந்து வந்த அணியை எதிர்கொண்டார். 1958-ல் தம் அணியைக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார்.

ஆடிய இடத்தை மைதானம் என்று சொல்லவே மனம் வராது. புல் இல்லாத சரளைத் தரை. ஆட்டம் தொடங்கும் முன் வீரர்களே கற்களைப் பொறுக்கி ஒதுக்கி, நடுவில் பாயை விரித்து, அதன் விளிம்புகளை இழுத்து முளையடிக்க வேண்டும். ஒரே திடலில் பல ஆட்டங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நடக்கும். பக்கத்து ஆட்டத்தின் பீல்டர் நம் பேட்ஸ்மேனுக்கு முதுகைக் காட்டி நின்றிருப்பார். பாய்க்கு அடியில் ஒரு கல் தங்கிவிட்டால் பந்து முகத்துக்கு எழும்பும். டொலிவேரா பந்தைக் கடைசி நொடி வரை பார்த்து, மட்டையை மிகக் குறைவாகத் தூக்கி, முன்கையின் பலத்தால் மட்டுமே அடிப்பார். பின்னாளில் இங்கிலாந்து விமர்சகர்கள் வியந்த இந்தப் பாணி அந்தப் பாயில் உருவானது என்பது என் எண்ணம். அங்கே எட்டுப் பந்து கொண்ட ஒரே ஓவரில் அவர் 46 ரன் எடுத்ததும், எழுபது நிமிடத்தில் 225 ரன் குவித்ததும் அந்நாளைய வெள்ளையர் பத்திரிகைகளுக்குச் செய்தியாகவே படவில்லை.

அவர் இங்கிலாந்துக்கு எப்படிப் போனார்?

கடிதம் எழுதிப் போனார். இங்கிலாந்து வானொலியின் கிரிக்கெட் வர்ணனையாளர் ஜான் ஆர்லட்டின் குரலைக் கேட்டே அவர் நல்லவராக இருப்பார் என்று நம்பி, 1950-களின் இறுதியில் தமக்கு ஏதாவது ஒரு கிளப்பில் வாய்ப்புக் கிடைக்குமா என்று பச்சை மையில் எழுதிக் கேட்டார். முன்பின் தெரியாத ஒருவருக்கு, ஆறாயிரம் மைல் தள்ளி இருக்கும் அச்சகத் தொழிலாளி எழுதிய கடிதம் அது. ஆர்லட் அதைக் கிழித்துப் போடவில்லை. மான்செஸ்டர் பத்திரிகையாளர் ஜான் கேயிடம் விஷயத்தை எடுத்துச் சென்றார். பாயில் எடுத்த ரன்களை நம்பி ஒருவரைக் கூலிக்கு எடுக்க எந்தக் கிளப்பும் முன்வரவில்லை. 1960 பருவம் தொடங்க இருந்த வேளையில் மிடில்டன் கிளப்புக்கு வரவேண்டிய மேற்கிந்தியத் தீவு வேகப்பந்து வீரர் வெஸ் ஹால் வரமுடியாமல் போகவே, அந்தக் காலி இடம் டொலிவேராவுக்குக் கிடைத்தது. பருவம் முழுவதற்கும் சம்பளம் 450 பவுன்.

போய்வரும் செலவே அதில் பாதியை விழுங்கிவிடும் நிலை. அவர் மனைவி நவோமி அப்போது கருவுற்றிருந்தார். ‘நம்மில் ஒருவன் போகிறான்’ என்று கேப் டவுன் மக்கள் ஆட்டங்கள் நடத்தியும் வீடு வீடாகத் திரட்டியும் பணம் சேர்த்தார்கள். வெள்ளை வீரர்கள் சிலரும் ஒரு ஆட்டம் ஆடி அந்த நிதிக்கு உதவினார்கள் என்பதையும் இங்கே பதிந்தாக வேண்டும். 1960 மார்ச் 21-ல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 கறுப்பின மக்கள் இறந்தனர். அந்தக் கொடுமை நடந்து சில நாள்களில் டொலிவேரா விமானம் ஏறினார்.

இங்கிலாந்தில் அவருக்கு உடனே வெற்றி கிடைத்ததா?

இல்லை. முதல் ஐந்து இன்னிங்ஸில் மொத்தம் 25 ரன்னே எடுத்தார். வாழ்நாள் முழுவதும் பாயில் எகிறும் பந்தை ஆடியவருக்கு, மழையில் ஊறிய லங்காஷயர் புல்தரையில் பந்து வந்து சேர்வதற்கு முன்பே மட்டை சுழன்றுவிட்டது. அதைவிடப் பெரிய திகைப்பு மைதானத்துக்கு வெளியே இருந்தது. வந்து இறங்கியவுடன் வெள்ளையரல்லாதவர்களுக்கான தனி வாசலைக் கண் தேடியதாகவும், உணவகத்தில் வெள்ளைக்காரப் பணியாளர் தமக்குப் பரிமாறியபோது என்ன செய்வதென்று புரியவில்லை என்றும் அவரே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒருவனைப் பழக்கிவைத்த பயம், ஒரு விமானப் பயணத்தில் உதிர்ந்துவிடாது.

லங்காஷயர் அணியின் முன்னாள் வீரர் எரிக் பிரைஸ் அருகில் இருந்து அந்நாட்டு ஆடுகளத்தைக் கற்றுக்கொடுத்தார். பருவம் முடிந்தபோது டொலிவேராவின் கணக்கில் 930 ரன்களும் 71 விக்கெட்டுகளும் இருந்தன. சென்ட்ரல் லங்காஷயர் லீக்கின் சராசரிப் பட்டியலில் அவர் முதலிடம். அவருக்குக் கீழே இருந்தவர் ராட்க்ளிஃப் கிளப்புக்கு ஆடிய, மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற ஆல்ரவுண்டர் கார்ஃபீல்ட் சோபர்ஸ். அடுத்த ஆண்டு மனைவியையும், மகன் டேமியனையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்திலேயே குடியேறினார்.

வயதைக் குறைத்துச் சொன்னார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. முப்பதைத் தாண்டிய ஒருவரைக் கவுண்டி (இங்கிலாந்தின் மாவட்ட) அணி எடுக்காது என்று தெரிந்து, தம் வயதில் சில ஆண்டுகளைக் குறைத்தே சொல்லிவந்தார். 1931 என்ற கணக்குப்படி பார்த்தாலும் முதல் டெஸ்ட் ஆடும்போது அவருக்கு 34 வயது. பெரும்பாலோர் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்களும் உண்டு. என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. இருபது வயதிலிருந்து முப்பது வயது வரை ஓர் ஆட்டக்காரனுக்குரிய சிறந்த பத்தாண்டுகளை ஓர் அரசு எடுத்துக்கொண்டது. அவற்றில் மூன்று நான்கை அவர் காகிதத்தில் மீட்டுக்கொண்டார்.

இங்கிலாந்துக்காக ஆடிய வெள்ளையரல்லாத முதல் வீரர் அவர்தானா?

அல்ல. 1896-லேயே ரஞ்சித்சிங்ஜி இங்கிலாந்துக்கு ஆடினார். அவருக்குப் பின் துலீப்சிங்ஜியும் மூத்த பட்டோடி நவாபும் ஆடினர். அவர்கள் அரச குடும்பத்தினர். 450 பவுன் கூலிக்கு வந்த அச்சகத் தொழிலாளி அந்தத் தொப்பியை அணிந்தது வேறு வகையான நிகழ்வு.

டெஸ்ட் அணிக்குள் எப்போது நுழைந்தார்?

வூஸ்டர்ஷயர் கவுண்டியில் சேர்ந்து, 1965-ல் சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் ஆடும் தகுதி பெற்றதும் முதல் ஆட்டத்திலேயே எசெக்ஸுக்கு எதிராகச் சதம் அடித்தார். அந்த ஆண்டு கோப்பையையும் வூஸ்டர்ஷயரே வென்றது. பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றிருந்ததால் 1966 ஜூனில், லார்ட்ஸில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இங்கிலாந்துக்கு அறிமுகமானார். முதல் டெஸ்ட் சதம் நமக்கு எதிராகத்தான் வந்தது: 1967-ல் லீட்ஸ் ஹெடிங்லியில் இந்தியாவுக்கு எதிராக 109.

1968-ல் நடந்தது என்ன? ஏன் அதை ‘டொலிவேரா விவகாரம்’ என்கிறார்கள்?

1968-69 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போக ஏற்பாடாகியிருந்தது. அக்காலத்தில் இங்கிலாந்தின் வெளிநாட்டுச் சுற்றுப்பயணங்கள் எம்.சி.சி. என்ற மேரில்போன் கிரிக்கெட் கிளப்பின் பெயரில் நடந்தன. அணியில் டொலிவேரா இருந்தால் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டர் அனுமதிப்பாரா என்பதே எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. 1968 மார்ச்சில் எம்.சி.சி.யின் முன்னாள் தலைவர் கோபம் பிரபு ஃபோர்ஸ்டரை நேரில் சந்தித்து, அனுமதிக்கமாட்டார் என்று அறிந்துவந்தார். அந்தச் செய்தி கிளப்பின் உச்சியில் இருந்த ஓரிருவரைத் தாண்டி வெளியே வரவில்லை.

அந்தக் கோடையில் ஆஸ்திரேலியா வந்திருந்தது. ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்து தோற்றபோதும் டொலிவேரா ஆட்டமிழக்காமல் 87 எடுத்தார். அடுத்த டெஸ்டில் அவர் பெயர் இல்லை. மூன்று டெஸ்டுகள் வெளியே இருந்தார். ஐந்தாவது டெஸ்டுக்கு முன் பேட்ஸ்மேன் ரோஜர் பிரிடோ உடல்நலமில்லாமல் விலகியதால், ஓவல் மைதானத்துக்குக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டார்.

ஆகஸ்ட் 22 மாலை 24 ரன்னோடு ஆட்டமிழக்காமல் திரும்பினார். மறுநாள் காலை 31-ல் இருந்தபோது அவர் கொடுத்த கேட்சை ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் பாரி ஜார்மன் நழுவவிட்டார். அதன்பின் 158 வரை போனார். அவர் சதத்தைத் தொட்டபோது, பெரிய சிக்கலைக் கிளப்பிவிட்டாயப்பா என்ற பொருள்பட நடுவர் சார்லி எலியட் அவர் காதில் முணுமுணுத்தார். அவர் மட்டையால் அடித்த ஒவ்வொரு ரன்னும் ஒரு நாட்டின் அமைச்சரவையை எட்டிக்கொண்டிருந்தது என்பதை நடுவரும் அறிந்திருந்தார். அன்றே, ஓவல் மைதானத்துக்கு உரிய சர்ரே கிளப்பின் செயலாளர் ஜெஃப்ரி ஹவார்டுக்கு ஒரு தொலைபேசி வந்தது: இன்று சதம் அடித்தவரைத் தேர்ந்தெடுத்தால் சுற்றுப்பயணம் நடக்காது என்று தேர்வாளர்களிடம் சொல்லுங்கள்.

கடைசி நாள் பகலில் பெருமழை பெய்து மைதானம் குளமாகிவிட்டது. பார்வையாளர்கள் உள்ளே இறங்கித் துடைப்பமும் சாக்குமாகத் தண்ணீரை வாரி வெளியேற்றினர். மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது நேரம் ஒரு மணி சொச்சமே மீதி. விக்கெட் விழ மறுத்தது. டொலிவேராவிடம் பந்து கொடுக்கப்பட்டது. அவர் ஜார்மனை பௌல்டாக்கினார். எஞ்சியவர்களை டெரெக் அண்டர்வுட் சுருட்டினார். 226 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்து வென்று தொடரைச் சமன் செய்தது. அன்று இரவே, ஆகஸ்ட் 27-ல், தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் அணியைத் தேர்வு செய்யக் குழு கூடி நள்ளிரவைத் தாண்டியும் பேசியது.

158 எடுத்தவரை எப்படி விட்டார்கள்?

மறுநாள் டொலிவேரா வூஸ்டரில் சசெக்ஸுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்தார். அன்றும் 128 எடுத்தார். உடைமாற்றும் அறையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது, பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன, பட்டியல் முடிந்தது. அவர் பெயர் வரவில்லை. தலையைக் கைகளில் புதைத்துக்கொண்டு அவர் அழுதார். அவரை அந்தக் கவுண்டிக்கு அழைத்துவந்தவர்களில் ஒருவரான டாம் கிரேவ்னி, ஆத்திரத்தோடு அவரை உள்ளே சிகிச்சை அறைக்கு அழைத்துச் சென்றார்.

தேர்வுக்குழுத் தலைவர் டக் இன்சோல் கொடுத்த விளக்கம்: அவரை ஆல்ரவுண்டராகக் கருதவில்லை, பேட்ஸ்மேனாகவே கருதினோம், பேட்ஸ்மேன்களில் அவரைவிடச் சிறந்தவர்கள் இருக்கிறார்கள். கிரிக்கெட் காரணம் என்று பார்த்தால் இதில் துளிகூட உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. முந்தைய குளிர்காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் அவர் சரியாக ஆடவில்லை. அவர் பந்துவீச்சு தென்னாப்பிரிக்க ஆடுகளத்துக்கு உதவாது என்று உண்மையாகவே நினைத்தவர்களும் இருந்தார்கள். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் நிறவெறியர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முடிவு என்ன என்பதைத் தென்னாப்பிரிக்க அரசு எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று அங்கே சிலருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர் கேப்டன் காலின் கவுட்ரி, தென்னிந்தியாவில் பிறந்தவர். கவுட்ரி தம்மை ஆதரிப்பார் என்று டொலிவேரா நம்பியிருந்தார்.

அவருக்குப் பணம் கொடுத்து விலக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுவே. அந்தக் கோடையில், சிகரெட் நிறுவனமொன்றோடு தொடர்புடைய டீனி ஊஸ்ட்ஹெய்சன் என்ற தென்னாப்பிரிக்கர் டொலிவேராவைச் சந்தித்தார். தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரல்லாத சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் வேலை, ஆண்டுக்கு 4,000 பவுன், பத்தாண்டு ஒப்பந்தம். நிபந்தனை ஒன்றுதான்: அணித் தேர்வுக்கு முன்பே, தாம் சுற்றுப்பயணத்துக்கு வரவில்லை என்று அவரே அறிவித்துவிட வேண்டும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் 450 பவுனுக்காக மனைவியை விட்டுக் கடல் கடந்தவர் அவர். வயதை மறைத்து ஆடிக்கொண்டிருந்தவர். இன்னும் எத்தனை பருவம் உடல் தாங்கும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தம் மக்களுக்குப் பயிற்சியளிக்கும் வேலை என்ற நல்ல முகமூடியும் அதற்கு இருந்தது. எம்.சி.சி. செயலாளர் பில்லி கிரிஃபித்தும், தென்னாப்பிரிக்காவுக்கு ஆடத் தயார் என்று அவரே அறிவித்து விலகிக்கொள்ளலாமே என்ற யோசனையை அவரிடம் வைத்திருந்தார். இரண்டையும் அவர் மறுத்தார். ஏற்றிருந்தால் ஃபோர்ஸ்டர் எதையும் தடை செய்ய வேண்டியிருந்திருக்காது, எம்.சி.சி. எந்த முடிவும் எடுக்க வேண்டியிருந்திருக்காது; அவர் தாமாகவே விலகினார் என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்திருக்கும். ஓவலில் அடித்த 158 அந்த மறுப்புக்குப் பின் வந்தது.

பிறகு சுற்றுப்பயணம் எப்படி ரத்தானது?

அவரை விட்டதைக் கேட்டு நாடே கொதித்தது. கிளப்பிலிருந்து உறுப்பினர்கள் விலகினர். இங்கிலாந்தின் முன்னாள் கேப்டனும் பாதிரியாருமான டேவிட் ஷெப்பர்ட் எதிர்ப்பாளர்களை ஒன்றுதிரட்டினார். செப்டம்பர் 16-ல் அணியிலிருந்த டாம் கார்ட்ரைட் தோள் காயத்தால் விலகவே, அவர் இடத்தில் டொலிவேரா சேர்க்கப்பட்டார். கார்ட்ரைட்டோ முதன்மையாகப் பந்துவீச்சாளர். மூன்று வாரத்துக்கு முன் பேட்ஸ்மேனாக மட்டுமே கருதினோம் என்று சொன்னவர்கள், இப்போது ஒரு பந்துவீச்சாளரின் இடத்தில் அவரை வைத்தார்கள். அந்த முரண்பாடு ஃபோர்ஸ்டருக்கு வசதியாகிவிட்டது. மறுநாளே, செப்டம்பர் 17-ல், ப்ளூம்ஃபான்டீனில் தம் கட்சி மாநாட்டில் பேசிய அவர், இது எம்.சி.சி.யின் அணி அல்ல, நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் அணி, இதை வரவேற்க நாங்கள் தயாரில்லை என்று அறிவித்தார். கூடியிருந்தவர்கள் கைதட்டி ஆரவாரித்தனர். செப்டம்பர் 24-ல் எம்.சி.சி. சுற்றுப்பயணத்தை ரத்து செய்தது.

டிசம்பரில் நடந்த சிறப்புக் கூட்டத்தில் கிளப்பின் நடத்தையைக் கண்டித்து ஷெப்பர்ட் கொண்டுவந்த தீர்மானத்தை, பின்னாளில் இங்கிலாந்து கேப்டனான மைக் பிரியர்லி வழிமொழிந்தார், அது தோற்றது. தென்னாப்பிரிக்காவுக்குப் பதிலாக அந்தக் குளிர்காலத்தில் அணி இலங்கைக்கும் பாகிஸ்தானுக்கும் போனது. அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவில், வெடித்து நொறுங்கிய ஆடுகளத்தில் டொலிவேரா ஆட்டமிழக்காமல் 114 எடுத்தார்.

அவர் ஏன் வெளிப்படையாகப் போராடவில்லை?

இந்தக் கேள்வியைச் சிலர் குற்றச்சாட்டாகவே கேட்பதுண்டு. அவர் வாழ்ந்த காலத்திலும், அவர் இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்துக் கோபப்பட்ட போராளிகள் இருந்தார்கள். அவர் மேடை ஏறவில்லை. தேர்வாளர்களைப் பொதுவில் திட்டவில்லை. தாம் ஒரு கிரிக்கெட் வீரர் மட்டுமே என்று சொல்லிவந்தார். அவர் பெற்றோரும் உறவினரும் கேப் டவுனில் அந்த அரசின் பிடியில் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு அவரை எடைபோடக் கூடாது.

அமைதியாக இருந்தவர் என்றாலும் விட்டுக்கொடுத்தவர் அல்லர். போகமாட்டேன் என்று சொல்லும்படி அவரைத் தூண்டிய ஒவ்வொருவரிடமும், தேர்ந்தெடுத்தால் போவேன் என்ற ஒரே பதிலையே சொன்னார். எதிரிகள் அவரிடமிருந்து எதிர்பார்த்த ஒரே உதவியை அவர் கடைசிவரை செய்யவில்லை.

இதனால் தென்னாப்பிரிக்காவுக்கு என்ன நேர்ந்தது?

1970 கோடையில் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வர இருந்தது. பீட்டர் ஹெய்ன் என்ற இளைஞர் முன்நின்ற போராட்டமும், கடைசியில் பிரிட்டிஷ் அரசின் வேண்டுகோளும் சேர்ந்து அதை நிறுத்தின. அடுத்து அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குச் செல்வதும் ரத்தானது. 1970 மார்ச்சில் ஆஸ்திரேலியாவை 4-0 என்று வீழ்த்திய அந்த அணி, அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் டெஸ்ட் ஆடவில்லை.

புறக்கணிப்பு மற்ற விளையாட்டுகளிலும் பரவியது. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் இந்தியாவுக்கு எதிராக நின்றது தென்னாப்பிரிக்கா. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்த அந்த இந்திய அணி கோப்பையை வெல்லும் வாய்ப்போடு இருந்தது. ஆயினும் நிறவெறி அரசின் அணியோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகியது.

ஆட்டக்காரராக அவர் எவ்வளவு சிறந்தவர்?

44 டெஸ்டுகளில் 2,484 ரன், சராசரி 40.06, ஐந்து சதம், 47 விக்கெட். முழுவதும் 34 வயதுக்குப் பின் எடுத்தவை இவை. 1970-71-ல் ஆஸ்திரேலியாவில் ஆஷஸை வென்ற இங்கிலாந்து அணியில் அவரும் இருந்தார். மெல்போர்னில் 117 அடித்தார். கடைசி டெஸ்ட் 1972-ல், அதே ஓவலில். அதன்பின்னும் ஏழெட்டு ஆண்டுகள் வூஸ்டர்ஷயருக்கு ஆடி, பிறகு அதன் பயிற்சியாளராகி, 1988-லும் 1989-லும் கவுண்டிக் கோப்பையை வென்று கொடுத்தார்.

தென்னாப்பிரிக்கா அவரைப் பின்னர் ஏற்றுக்கொண்டதா?

தாமதமாக ஏற்றுக்கொண்டது. 1991 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஒருநாள் ஆட்டத்தோடு தென்னாப்பிரிக்கா உலகக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியது. 1992-ல் டர்பனில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் கலப்பினத்தவரான ஓமர் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு ஆடினார். 1998-ல் மக்காயா நிடினி அந்நாட்டு டெஸ்ட் அணியின் முதல் கறுப்பின வீரரானார். 2019-ல் விசாகப்பட்டினத்தில், டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான செனுரன் முத்துசாமி தம் முதல் டெஸ்டை ஆடி விராட் கோலியின் விக்கெட்டை எடுத்தார். அந்த நாட்டுக்காக ஒரு பந்துகூட ஆடாத டொலிவேராவை, 2000-ல் நூற்றாண்டின் பத்துத் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர்களில் ஒருவராக முன்மொழிந்தார்கள். கோப்பைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது 2004-05 தொடரில்.

அவருடைய கடைசிக் காலம் எப்படி இருந்தது? குடும்பம்?

பார்க்கின்சன் நோயால் நெடுநாள் அவதிப்பட்டு, 2011 நவம்பரில் தமது 80-வது வயதில் காலமானார். வூஸ்டரின் நியூ ரோடு மைதானத்தில் ஒரு பார்வையாளர் அரங்குக்கு அவர் பெயர். மகன் டேமியன் அதே கவுண்டிக்கு 1982 முதல் 1995 வரை ஆடினார், 2014-ல் இறந்தார். பேரன் பிரெட், தாத்தா கண்ணீரோடு வானொலி கேட்ட அதே வூஸ்டரில், அந்த அணியின் கேப்டனானார்.